‘மலை எந்தப் பக்கம் இருக்கு?’: ஜிபிஎஸ் கைவிட்டால் வழி கண்டுபிடிப்பது எப்படி? அடி அண்ணாமலை சொல்லும் பாடம்

பௌர்ணமி இரவு, மணி பதினொன்றரை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பகுதி. இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து வந்த ஓர் இளைஞர் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டு நிற்கிறார். அம்மாவின் போன் இவர் பையில்தான் இருக்கிறது. இவர் போனில் பேட்டரி 6 சதவீதம். மேப்பைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறம், நடுவே ஒரு நீலப் புள்ளி. ரோடு இல்லை, பெயர் இல்லை. சிக்னல் ஒரு கோடு காட்டுகிறது, ஆனால் எதுவும் லோடு ஆகவில்லை. பக்கத்து டீக்கடை அக்காவிடம் போய் நிற்கிறார்.

“நடக்கும்போது மலை உங்களுக்கு எந்தப் பக்கம் தம்பி இருந்துச்சு?”

“வலது பக்கம்க்கா.”

“அப்ப அம்மாவும் மலைய வலது பக்கம் வச்சுக்கிட்டேதான் போவாங்க. திரும்பி வர மாட்டாங்க. அடுத்து வாயு லிங்கம் வரும். அங்க போய் நில்லுங்க, மைக்ல சொல்லச் சொல்லுங்க.”

இதில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் இல்லை. ஆனால் தொலைந்தவர் எங்கே இருப்பார், எந்தத் திசையில் போவார், அவரை எங்கே பிடிக்கலாம் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நீலப் புள்ளி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நீ இங்கே இருக்கிறாய். தொலைந்து போனவருக்கு அது மட்டும் போதாது.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வழி தேடுவதிலிருந்து, இரவில் தனியாக ஆட்டோவில் போகும் பெண் வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்புவது வரை அதன் பயன் கண்கூடு. கேள்வி வேறு. அது இல்லாத அரை மணி நேரத்தில் நமக்கு என்ன தெரியும்? நம் ஊர்களுக்கு என்ன தெரியும்?

ஜிபிஎஸ் எங்கே சறுக்குகிறது?

ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் செயற்கைக்கோள் அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது, 1995-ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கிய பிறகுதான் இன்றைய துல்லியம் சாதாரண மக்களுக்குக் கிடைத்தது.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. ‘நான் இந்த நேரத்தில் இங்கே இருக்கிறேன்’ என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, அவை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு சுமார் 300 மீட்டர் மாறிவிடும். இந்தியாவுக்கும் ‘நாவிக்’ என்ற சொந்த அமைப்பு உண்டு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஏவப்பட்டது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. டவர் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. செயற்கைக்கோள் சிக்னலைக் கேட்க இன்டர்நெட் தேவையில்லை. மேப் படம் இறங்குவதற்குத்தான் டேட்டா வேண்டும். லட்சக்கணக்கானோர் ஒரே பாதையில் நடக்கும் பௌர்ணமி இரவில் நெட்வொர்க் திணறும்போது, நீலப் புள்ளி இருக்கும், மேப் இருக்காது. முன்கூட்டியே ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

மீதி பாதி அப்படித் தீராது. உயரமான சுவர், கோபுரம், மலைச்சரிவு ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் சிக்னல் புள்ளியைத் தள்ளிக் காட்டும். நிற்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. அதைச் சொல்வது போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டி, பக்கத்தில் இரும்போ ஸ்பீக்கரோ இருந்தால் அதுவும் குழம்பும்.

இன்னொன்று, பூமிக்கு வந்து சேரும்போது இந்தச் சிக்னல் மிக மிக பலவீனமானது. அதை அமுக்கவும் முடியும், பொய்யான சிக்னல் அனுப்பி ஏமாற்றவும் முடியும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரத்தில், விமானங்களுக்கு இப்படி 465 முறை ஜிபிஎஸ் குறுக்கீடு நடந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. விமானிகளுக்கு வேறு கருவிகள் உண்டு, அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் உண்டு. நமக்கு?

மேப் சொன்ன வழியில்...

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், மேப்பை நம்பி வந்த சுற்றுலா கார் ஒன்று படிக்கட்டுப் பாதையில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் கொச்சி அருகே மழை இரவில் கார் ஆற்றுக்குள் இறங்கியதில் இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டிலும் மேப் காட்டிய வழியில் போனதாகவே செய்திகள் வந்தன.

பரேலி சம்பவத்தில் ஆப் மட்டுமே குற்றவாளி இல்லை. உடைந்த பாலத்துக்கு முன்னால் ஒரு தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இருந்திருக்க வேண்டும். ‘எல்லாரும் மேப் பார்த்து வந்துடுவாங்க’ என்று ரோட்டை வைத்திருப்பவர்களும் நினைக்க ஆரம்பித்துவிட்டால், ரோடு தானாக எதுவும் சொல்லாமல் ஊமையாகிவிடும். இதுதான் கவலைப்பட வேண்டிய இடம்.

நடந்தபடியே படிக்கும் மேப்

இதற்கு நேர் எதிரான ஒரு பாதைதான் திருவண்ணாமலை கிரிவலப் பாதை. பக்தி இருப்பவர், இல்லாதவர் யாராக இருந்தாலும், வழிகாட்டும் அமைப்பாக அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

சுற்றளவு 14 கிலோமீட்டர். நடுவில் சுமார் 2,668 அடி உயர மலை. சுற்றுவது எப்போதும் வலமாக, அதாவது மலை உங்கள் வலது கைப்பக்கம். இந்த ஒரே விதி போதும், இருட்டிலும் நீங்கள் எதிர்த்திசையில் போக முடியாது. மலை இடது பக்கம் வந்துவிட்டால் திரும்பி நடக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானியம். எட்டுத் திசைக் காவலர்களின் பெயர்கள் இவை. ‘இப்ப குபேர லிங்கத்துக்கிட்ட இருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் மலைக்கு வடக்கே இருக்கிறார், முக்கால்வாசிக்கு மேல் நடந்துவிட்டார், கோயிலுக்குத் திரும்ப இன்னும் ஒரு லிங்கம்தான் இருக்கிறது என எல்லாமே அந்த ஒரு பெயரில் வந்துவிடும். காம்பஸும் கிலோமீட்டர் கல்லும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு.

அடி அண்ணாமலை கோயில் இருப்பது வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையே, மலையின் மேற்குப் பக்கத்தில். பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில். ஆக, அடி அண்ணாமலையில் நின்று மலையைப் பார்த்தால், அண்ணாமலையார் கோயில் மலைக்கு அந்தப் பக்கம். நேர்கோட்டில் பார்த்தால் பக்கம்தான், ஆனால் நடுவே மலை நிற்கிறது. முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் ஏறக்குறைய அரைச்சுற்று நடந்தாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மனசுக்குள் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்டுக்கொண்டால் போதும். ஐந்து வயசுக் குழந்தைக்கும் சொல்லித்தரலாம்.

ஊருக்குள் வந்தாலும் இதே கதைதான். பெரிய கோயிலின் நான்கு பக்கமும் நான்கு கோபுரம். கிழக்கே 217 அடி உயர ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க்கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். எந்தக் கோபுர வாசலில் வெளியே வந்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டாலே செருப்பு விட்ட இடம் தொலையாது.

கோபுரத்தையும் மலையையும் வைத்து இடம் கண்டுபிடிப்பது பக்தர்கள் மட்டும் செய்த வேலை அல்ல. இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண நில அளவைக்கான அடிக்கோட்டு அளவீடு 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. அதை நடத்திய வில்லியம் லாம்டன், தெற்கே சமவெளிக்கு வந்தபோது பார்வைக்கு மலைகள் கிடைக்காமல் கோயில் கோபுரங்களைப் பயன்படுத்தினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போதுதான் அவருடைய அரை டன் எடையுள்ள அளவைக் கருவி மோதிச் சேதமானது. அன்றைக்குச் செயற்கைக்கோள் செய்யும் வேலையைக் கோபுரங்கள் செய்தன.

பேச்சிலேயே இருக்கும் திசைகாட்டி

‘கிழக்கு’ என்ற சொல் ‘கீழ்’ என்பதிலிருந்து வந்தது. ‘மேற்கு’, ‘மேல்’ என்பதிலிருந்து. தமிழ்நாட்டு நிலத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நிலம் மேலிருந்து கீழாகச் சரிகிறது, தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது. திசையின் பெயரே நிலத்தின் சரிவைச் சொல்கிறது.

அதனால்தான் கீழத்தெரு, மேலத்தெரு. மதுரையில் கீழ மாசி வீதி, மேல மாசி வீதி. கிராமத்துப் பெரியவர் ‘அந்தப் பானைய கொஞ்சம் மேக்கால தள்ளி வை’ என்று வீட்டுக்குள்ளேயே திசை சொல்வார். இடது, வலது என்பது ஆள் திரும்பினால் மாறிவிடும். கிழக்கு, மேற்கு மாறாது. இப்படிப் பேசுகிறவர் எப்போதும், யோசிக்காமலே, திசையைக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று பொருள்.

இன்று ‘ரைட் எடுத்து லெஃப்ட் எடு’ என்றே வழி சொல்கிறோம். புதிய நகர்களிலோ முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது மெயின் ரோடு. அந்தப் பெயரில் திசையும் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற தகவலும் இல்லை. பெயர் மாறும்போது ஒரு மேப்பும் சேர்ந்தே அழிகிறது.

நிலா, நிழல், நட்சத்திரம்

மலை இல்லாத ஊரில் என்ன செய்வது? வானம் இருக்கிறது.

நிலா: பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கில் எழும், விடியும்போது மேற்கில் இறங்கும். அடி அண்ணாமலையில் நிற்பவருக்கு அது மலைப்பக்கமிருந்துதான் ஏறிவரும். மாலையில் நிலா இருக்கும் பக்கம் கிழக்கு, அதிகாலையில் நிலா இருக்கும் பக்கம் மேற்கு. இதுவே கடிகாரமும்கூட.

நிழல்: ஒரு குச்சியைத் தரையில் நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. சூரியன் உச்சியில் இல்லாத நேரத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ‘மதியம் சூரியன் தெற்கே இருக்கும்’ என்ற இங்கிலீஷ் புத்தக விதியை இங்கே அப்படியே நம்பக் கூடாது. திருவண்ணாமலையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை மதியச் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும்.

நட்சத்திரம்: துருவ நட்சத்திரம் வடக்கே, அடிவானத்திலிருந்து அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும். திருவண்ணாமலைக்குச் சுமார் 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, ஆக ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. அவ்வளவு தாழ்வாக இருப்பதால் மரமோ கட்டடமோ மறைக்கும். அப்போது குளிர்கால இரவில் ஓரியன் தொகுதியின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பாருங்கள். அவை கிட்டத்தட்ட நேர்க் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். கடலோடிகள் நட்சத்திர உயரத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிறு கோத்த ஒரு சின்னப் பலகையை வைத்திருந்தார்கள். அதற்கு இராப்பலகை என்று பெயர்.

கட்டடங்களும் சொல்லும். பெரும்பாலான சிவன் கோயில்கள் கிழக்கு நோக்கி இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் தொழுகைத் திசை மேற்கு, சற்றே வடக்கு சாய்ந்து. ஊர் புதிதாக இருந்தாலும் இவற்றில் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது.

மூளைக்கு இதனால் என்ன?

‘ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நம் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இடத்தையும் நினைவையும் சேர்த்தே கையாள்கிறது. குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் மட்டும் துடிக்கும் செல்கள் அங்கே உண்டு. மூளைக்குள் இருக்கும் இந்த ‘ஜிபிஎஸ்’ பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் ஜான் ஓ’கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. லண்டனின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் டாக்சி டிரைவர்களுக்கு, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

மறுபக்கம், 2020-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 டிரைவர்களைச் சோதித்தார்கள். அதிகம் ஜிபிஎஸ் பயன்படுத்தியவர்களுக்கு, தானாக வழி கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் இட நினைவு குறைவாக இருந்தது. மூன்று வருடம் கழித்து அவர்களில் 13 பேரை மட்டும் மறுபடி சோதித்தபோது, அதிகம் பயன்படுத்தியவர்களின் சரிவு அதிகமாக இருந்தது. எண்ணிக்கை சிறியது, அதனால் பயந்துபோய் ஆப்பை டெலீட் செய்யத் தேவையில்லை. ஆனால் வேலை கொடுக்காத திறமை மங்கும் என்பதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் போன் நம்பர்களை எண்ணிப் பாருங்கள், போதும்.

ஊர் என்ன செய்ய வேண்டும்? நாம் என்ன செய்யலாம்?

வழி தெரிவது தனி மனிதத் திறமை மட்டும் அல்ல, குடிநீர், தெருவிளக்கு மாதிரி அதுவும் ஒரு பொது வசதி. இப்போதெல்லாம் கூட்ட நாட்களில் பார்க்கிங் இடத்துக்கு மேப் லிங்க், கியூஆர் கோடு என்று அறிவிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கிரிவலத்துக்கு வருகிறவர்களில் ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகள் எத்தனை பேர், படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர்? கூட்டத்தில் முதலில் தொலைவது அவர்கள்தான். லிங்க் அவர்களுக்கு உதவாது.

அதனால் கியூஆர் கோடோடு இதுவும் வேண்டும். இரவிலும் தெரியும் பெரிய எழுத்தில், கடந்து வந்த லிங்கம் எது, அடுத்தது எது, எத்தனை கிலோமீட்டர், பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் பலகைகள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய, எட்டு லிங்கத்துக்கும் எட்டு நிறம் அல்லது எட்டு படம். தெருப் பெயரை மாற்றும்போது திசைச் சொல்லை வெட்டாமல் இருப்பது. பள்ளியில் உலக மேப்போடு, தன் தெருவிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கையால் வரையச் சொல்வது. இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

நம் பங்குக்குச் செய்யக்கூடியவை இன்னும் எளிது. கிளம்பும் முன் ஆஃப்லைன் மேப் இறக்கி வையுங்கள். ‘தொலைஞ்சா அடுத்த லிங்கத்துல நிக்கணும், முன்னாடி போனவங்க காத்திருக்கணும்’ என்று வீட்டிலேயே பேசிவையுங்கள். வயதானவர் பையில் போன் நம்பரை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும், போன் அவரவர் கையிலேயே இருக்கட்டும். புது ஊரில் இறங்கியதும் மலை, கோபுரம், தண்ணீர்த் தொட்டி, டவர் என உயரமான ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள், தெரிந்த இடத்துக்கு மேப் போடாமல் போய்ப் பாருங்கள். தப்பாகத் திரும்பினால் யாரையாவது கேளுங்கள். கேட்டால் டீக்கடையில் வழி மட்டும் இல்லை, பாலம் உடைந்திருக்கும் செய்தியும் சேர்ந்தே கிடைக்கும். பரேலியில் அன்று, கேட்க ஓர் ஆளோ சொல்ல ஒரு பலகையோ இருந்திருந்தால் மூன்று உயிர் மிஞ்சியிருக்கலாம்.

அடி அண்ணாமலையில் நிற்கும் அந்த இளைஞர் இந்நேரம் வாயு லிங்கத்தை நெருங்கியிருப்பார். அம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கலாம், அல்லது பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கலாம். எப்படியும் அந்த வழியாகத்தான் வருவார். மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை சுற்றியவர் அவர். அவரைப் பொறுத்தவரை தொலைந்துபோனது மகன்தான்.